முதல் வாடகை வீடு: ஃப்ளாட்டுக்கு முன்னால் மாடியைப் பாருங்கள்

சம்பளத்துக்கு மேல் ஒரு வருமானம் வேண்டும் என்று நினைக்கிறவர்களில் பாதிப் பேர் முதலில் போய் நிற்பது பில்டரின் சேல்ஸ் ஆபீஸில். “ஒரு ஃப்ளாட் வாங்கிப் போடுங்க சார், வாடகையே இஎம்ஐயைக் கட்டிடும்” என்பார்கள். சென்னையில் இன்று கடன் வாங்கி வாங்குகிற ஃப்ளாட்டில் அது நடப்பதில்லை. பேனாவை எடுத்துக் கணக்குப் போடுங்கள்.

மேடவாக்கம் பக்கம் 55 லட்சத்துக்கு ஒரு 2 பிஎச்கே என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவுக் கடனுக்கு ரிசர்வ் வங்கி விதிப்படி வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் கிடைக்கும். அதாவது 44 லட்சம். இந்த விலையில் பில்டரிடம் வாங்கும் புது ஃப்ளாட்டுக்கு முத்திரைத் தீர்வை 5, பதிவுக் கட்டணம் 2, ஆக 7 சதவீதம். கிட்டத்தட்ட 4 லட்சம். அதற்குக் கடன் கிடையாது. உங்கள் கையிலிருந்து மொத்தம் 15 லட்சம் போக வேண்டும். 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் இஎம்ஐ சுமார் 38,200 ரூபாய். வாடகை 18,000 வந்தாலும் மாதாமாதம் 20,000 ரூபாய் உங்கள் சம்பளத்திலிருந்து கரையும். வருடத்தில் ஒரு மாதம் வீடு காலி, சொத்து வரி, ரிப்பேருக்கு 20,000 என்று கழித்தால், 59 லட்சம் முடங்கிய இடத்தில் வருடத்துக்கு 1.78 லட்சம்தான் மிஞ்சும். வெறும் மூன்று சதவீதம்.

விலை ஏறும் என்று நம்பி வாங்குகிறவர்கள் வாங்கட்டும். அது வேறு கணக்கு. மாத வருமானம் வேண்டுமென்றால் வேறு இடத்தில் தொடங்க வேண்டும்.

1. மாடி எடுக்க முடியுமா என்று பாருங்கள்

அப்பா 20 வருடத்துக்கு முன் கட்டிய தனி வீடு ஒன்று பலருக்கு இருக்கிறது. அம்பத்தூரிலோ, தாம்பரத்திலோ, திருச்சியிலோ. மேலே மொட்டை மாடி சும்மா கிடக்கும். நிலத்துக்குக் காசு கிடையாது. 600 சதுர அடியில் ஒரு 1 பிஎச்கே போர்ஷன், சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 15 லட்சம். மாதம் 9,000 வாடகை, வருடத்தில் 11 மாதம் ஆள் இருந்தால் 99,000 ரூபாய். போட்ட பணத்தில் ஆறரை சதவீதம். மேலே சொன்ன ஃப்ளாட்டைப் போல இரண்டு மடங்கு. முதல் முறை இறங்குகிறவருக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது, ஏனென்றால் வாடகைதாரர் உங்கள் கண் முன்னாலேயே இருப்பார்.

செங்கல் இறக்குவதற்கு முன் மூன்று வேலைகள். அஸ்திவாரம் இன்னொரு மாடியைத் தாங்குமா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் எழுத்தில் வாங்குங்கள். மேஸ்திரி தலையாட்டினால் போதாது. அடுத்தது அனுமதி. தரைத்தளமும் முதல் மாடியும் உள்ள சிறிய வீடுகளுக்கு 2024 முதல் தமிழக அரசு சுயசான்று முறையில் ஆன்லைன் அனுமதி தருகிறது. மனை 2,500, கட்டடம் 3,500 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு அது பொருந்துமா, சாதாரண திட்ட அனுமதிக்குப் போக வேண்டுமா என்று உரிமம் பெற்ற இன்ஜினியரிடம் கேளுங்கள்.

மூன்றாவது வேலையைத்தான் எல்லோரும் தள்ளிப்போடுகிறார்கள். இடம் அப்பா பெயரில், பணம் உங்களுடையது. அண்ணனும் தங்கையும் இன்று ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அப்பாவுக்குப் பிறகு மாடியும் சேர்ந்துதான் பாகத்துக்கு வரும். கட்டுவதற்கு முன்பே குடும்பத்தை உட்கார வைத்துப் பேசுங்கள். முடிந்தால் மாடி உரிமையைச் செட்டில்மென்ட் பத்திரமாகப் பதிவு செய்யுங்கள். குடும்பத்துக்குள் செட்டில்மென்டுக்கு ஆகும் செலவு கிரயத்தைவிட மிகக் குறைவு. காசு விஷயத்தை முன்கூட்டிப் பேசுவது பாசத்துக்குக் குறைவு இல்லை. பேசாமல் விட்டதால் பத்து வருடம் கோர்ட்டுக்கு நடக்கும் குடும்பங்களைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கட்டும்போது படிக்கட்டு வெளியிலிருந்து வரட்டும். மாடிக்குத் தனி ஈபி மீட்டர் வாங்குங்கள். ஒரே மீட்டரில் இரண்டு குடும்பம் ஓடினால் யூனிட் கூடக் கூட ரேட்டும் கூடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பில் வரும்போதெல்லாம் சண்டையும் வரும்.

2. மாடி இல்லாதவர்கள்: கால்நடையாகச் சந்தையைப் படியுங்கள்

பழைய அபார்ட்மென்டில் ரீசேல் சிறிய வீடு தேடுங்கள். கட்டி முடிக்காத புது ஃப்ளாட்டில் பொதுவாக 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு, ரீசேலில் கிடையாது. உங்களுக்குப் பிடித்த வீட்டைத் தேடாதீர்கள், வாடகைக்கு வருகிறவருக்கு வேண்டிய வீட்டைத் தேடுங்கள். அவருக்கு வேண்டியது பஸ் ஸ்டாப் அல்லது ரயில் ஸ்டேஷனுக்குப் பத்து நிமிட நடை, தண்ணீர், பைக் நிறுத்த இடம். பால்கனியிலிருந்து என்ன தெரிகிறது என்று அவர் கேட்பதில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் அந்தத் தெருக்களில் நடந்து டூ-லெட் போர்டுகளை எண்ணுங்கள். ஒவ்வொரு நம்பருக்கும் வாடகைக்கு வருகிறவர் போலப் போன் போட்டு வாடகை, அட்வான்ஸ் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் கழித்து மறுபடி போங்கள். எந்தப் போர்டு இறங்கியிருக்கிறது, எது அப்படியே தொங்குகிறது என்று பார்த்தாலே அந்த ஏரியாவின் உண்மையான வாடகை தெரிந்துவிடும். புரோக்கர் சொல்கிற தொகை அதற்குப் பிறகு உங்களை ஏமாற்றாது.

நவம்பர், டிசம்பர் மழையில் ஒருமுறை போய்ப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 2015 வெள்ளத்தில் முடிச்சூரும், 2023 மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கியதை வாடகைதாரர்கள் மறக்கவில்லை. ஓஎம்ஆர் என்றால் லாரித் தண்ணீருக்கு மாதம் எவ்வளவு பிரிக்கிறார்கள் என்று அசோசியேஷனில் கேளுங்கள். அந்தச் செலவு உங்கள் வாடகையைத்தான் இறக்கும்.

தாய்ப் பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது, அனுமதி வரைபடம், யூடிஎஸ் (நிலத்தில் பிரிக்கப்படாத பங்கு) எவ்வளவு என்ற விவரம். இவற்றை விற்பவரின் ஆளிடம் காட்டாமல் உங்கள் வக்கீலிடம் காட்டுங்கள்.

3. ஆள் தேர்வு

இது இன்டர்வியூதான். நீங்கள் ஹெச்ஆர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எங்கே வேலை, முந்தைய வீட்டில் எத்தனை வருடம், ஏன் மாறுகிறீர்கள் என்று கேளுங்கள். முந்தைய ஹவுஸ் ஓனருக்கு ஒரு போன் போடுங்கள். வாடகை, வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் யோசியுங்கள்.

சாதி கேட்காதீர்கள். மதம் கேட்காதீர்கள். தெருத் தெருவாக அலைந்து, பெயரைச் சொன்னதும் “இப்பதான் ஒருத்தருக்குப் பேசி முடிச்சிட்டோம்” என்ற பதிலோடு திரும்புகிற குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய. அது அநியாயம். முதலீட்டாளராகப் பார்த்தாலும் நஷ்டம்: ஒழுங்காக வாடகை கொடுக்கக்கூடிய நல்ல ஆளை நீங்களே பக்கத்துத் தெருப் போட்டியாளருக்கு அனுப்பி வைக்கிறீர்கள். “பேச்சிலர் கிடையாது” என்ற போர்டையும் ஒருமுறை மறுபரிசீலனை செய்யுங்கள். வேலைக்குப் போகும் மூன்று பெண்கள் சேர்ந்து எடுத்த என் வீட்டில் நான்கு வருடத்தில் ஒரு மாதம்கூட வாடகை தாமதமானதில்லை.

வாடகையைச் சந்தை விலைக்கு 500 ரூபாய் கீழே வையுங்கள். என் முதல் வீட்டுக்கு 16,000 தர ஆள் வந்தபோது 18,000தான் என்று பிடிவாதம் பிடித்தேன். நான்கு மாதம் வீடு காலி. கூடுதலாக வரவேண்டிய 24,000க்காக 64,000 போனது. காலி வீட்டைப் போலப் பணம் தின்பது வேறு எதுவும் இல்லை. விலையைக் கொஞ்சம் குறைத்தால் பத்துப் பேர் வருவார்கள், அதில் ஒருவரை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம்.

4. காகிதம்

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். 11 மாத அக்ரிமென்ட்டை ஸ்டாம்ப் பேப்பரில் அடித்து பீரோவில் வைத்தால் போதும் என்ற காலம் முடிந்துவிட்டது. நாளைக்கு வாடகை பாக்கி என்று போய் நிற்கும்போது பதிவு எண்தான் உங்களுக்காகப் பேசும். கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் சட்டம் வாடகைதாரர் பக்கம் போய்விடும்.

அட்வான்ஸ் என்பது திருப்பித் தரவேண்டிய பணம். வாங்கிய அன்றே ஃபிக்ஸட் டெபாசிட்டில் போடுங்கள். இதே காரணத்துக்காக, வாடகை இல்லாமல் மொத்தத் தொகை வாங்கும் போக்கியத்துக்கு முதல் வீட்டை விடாதீர்கள். ஐந்து லட்சம் கைக்கு வரும், கல்யாணத்திலோ காரிலோ கரையும். மூன்று வருடம் கழித்து அவர் காலி செய்யும்போது அடுத்த ஆள் கிடைக்கும்வரை நீங்கள் கடன்காரர்.

சாவி கொடுக்கும் நாளில் சுவர், குழாய், ஃபேன், கதவு எல்லாவற்றையும் வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் வாடகைதாரருக்கே அனுப்பிவிடுங்கள். பெயின்ட் சண்டை பாதி அங்கேயே தீரும்.

5. மாதாமாதம்

வாடகைக்கென்று தனி பேங்க் அக்கவுன்ட். கேஷ் வேண்டாம். வருகிற வாடகையில் பத்து சதவீதத்தை ரிப்பேருக்கு ஒதுக்குங்கள். சொத்து வரியை அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் சென்னை மாநகராட்சி 5 சதவீத ஊக்கத்தொகை தருகிறது, விடாதீர்கள். வருமான வரியில், கட்டிய சொத்து வரியைக் கழித்த பிறகு மீதி வாடகையில் 30 சதவீதம் ரசீது இல்லாமலேயே கழியும். கடன் வட்டியும் கழியும். ஆனால் புதிய வரி முறையில் இருப்பவர்கள் வீட்டில் வந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது; பழைய முறையில் வருடத்துக்கு 2 லட்சம் வரை முடியும். வாங்குவதற்கு முன்பே ஆடிட்டரிடம் உட்கார்ந்து இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

மோட்டார் ஓடவில்லை என்று இரவு ஒன்பது மணிக்குப் போன் வந்தால் எடுங்கள். ஒரு பிளம்பர், ஒரு எலக்ட்ரீஷியன், இருவரின் நம்பரும் உங்களிடம் இருக்கட்டும். மறுநாள் மதியத்துக்குள் ஆள் போக வேண்டும். பக்கத்து ஓனர் ஒரு வாரம் இழுத்தடிப்பார், அங்கேதான் நீங்கள் ஜெயிக்கிறீர்கள். ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே நீங்களாகவே பேசுங்கள்: “தொடர்ந்து இருக்கிறீங்களா? அஞ்சு சதவீதம் கூட்டலாம்னு இருக்கேன், ஏதாவது ரிப்பேர் வேலை இருந்தா சொல்லுங்க, முடிச்சுக் கொடுத்துடறேன்.”