இல்லத்தின் ஒழுங்கும் உள்ளத்தின் தெளிவும்

யோகம் பயில்வோர் கைக்கொள்ள வேண்டிய நியமங்கள் ஐந்தனைப் பதஞ்சலி முனிவர் யோக சூத்திரத்தின் இரண்டாம் பாதத்தில் வகுத்துரைக்கிறார். அவற்றுள் முதலாவது சௌசம், அதாவது தூய்மை. அதன் பயன்களை அவர் அடுக்கும் வரிசை சிந்தனைக்குரியது. முதலில் சத்துவம் தெளிகிறது. அடுத்து வருவது சௌமனஸ்யம் எனும் மனமலர்ச்சி. அதன் பின்னரே ஒருமுகப்பாடு. வியாசரும் தம் பாஷ்யத்தில் இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் தொடராகவே விளக்குகிறார். தியானத்தில் மனம் குவியவில்லையே என வருந்தும் சாதகர், மனம் மலர்ந்திருக்கிறதா என்பதை முதலில் கவனிக்க வேண்டும்.

உரையாசிரியர்கள் இங்கு உடலையும் உள்ளத்தையுமே கருதுகின்றனர். குடியிருக்கும் வீட்டிற்கும் இதனை விரிப்பது நாம் எடுத்துக்கொள்ளும் உரிமைதான். எனினும் வாய்க்கு உணவு இருப்பதுபோலக் கண்ணுக்கும் உணவு உண்டு. நாள்தோறும் பல மணி நேரம் நம் கண்கள் உண்பது வீட்டுச் சுவர்களையும், மூலைகளையும், அவற்றில் குவிந்துள்ள பொருட்களையுமே.

வீட்டு அலங்காரம் என்றதும் எதை வாங்கலாம் என்றே பலரும் எண்ணுகின்றனர். வார்தாவை அடுத்த சேவாகிராமத்தில் உள்ள ‘பாபு குடி’யைக் காண்போருக்கு இந்த எண்ணம் சற்று ஆட்டம் காணும். காந்தியடிகள் 1936ஆம் ஆண்டு அச்சிற்றூரில் குடியேறினார். அவரது சீடரும் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஒருவரின் மகளுமான மீராபென் தமக்கென அமைத்திருந்த குடிலே பின்னர் அவரது இருப்பிடமாயிற்று. மண் சுவர், மூங்கில், மரம், நாட்டு ஓடு ஆகியவையே அதன் கட்டுமானப் பொருட்கள். தரையில் பாய், முன்னே தாழ்வான எழுதுபலகை. சுவரில் மட்டும் மீராபென் தம் கையாலேயே மண்ணைக் குழைத்து, பனை போன்ற மரங்களையும் ஓங்கார வடிவத்தையும் புடைப்பாக வடித்திருக்கிறார். சுவரின் மண்ணும் சித்திரத்தின் மண்ணும் ஒன்றே, நிறமும் ஒன்றே. கண் அங்கே இளைப்பாறுகிறது. எதுவும் அதனைப் பிடித்து இழுப்பதில்லை.

இதில் ஒரு சுவையான முரண் உண்டு. 1924ஆம் ஆண்டு, பின்னாளில் காந்திகிராமத்தை நிறுவிய ஜி. ராமச்சந்திரன் கலையைப் பற்றி வினவியபோது, தமது அறைச் சுவர்கள் வெறுமையாக இருக்கலாம், விண்மீன்கள் நிறைந்த வானமே தமக்குப் போதும் என்னும் பொருள்பட விடையளித்தவர் காந்தியடிகள். அத்தகையவரும் அந்த மண் சித்திரங்களின் நடுவே பல்லாண்டுகள் வாழ்ந்தார். வெறுஞ்சுவர்தான் துறவு என்று இல்லறத்தார் அஞ்ச வேண்டியதில்லை.

நவீன ஆய்வு ஒன்றும் இங்கு நினைவுகூரத்தக்கது. அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் உல்ரிச் 1984இல் ‘சயன்ஸ்’ இதழில் அதனை வெளியிட்டார். பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை சிகிச்சை பெற்ற 46 நோயாளிகளின் குறிப்பேடுகளை அவர் ஒப்பிட்டார். 23 பேரின் சன்னல் மரங்களை நோக்கியிருந்தது. மற்ற 23 பேரின் சன்னல் செங்கல் சுவரை நோக்கியிருந்தது. மரங்களைக் கண்டவர்கள் சராசரியாக 7.96 நாட்களிலும், சுவரைக் கண்டவர்கள் 8.70 நாட்களிலும் வீடு திரும்பினர். முன்னவர்களுக்குக் கடுமையான வலிநிவாரணிகளும் குறைவாகவே தேவைப்பட்டன. ஆய்வு சிறியதுதான், அதன்மேல் பெரிய கோபுரம் எழுப்பலாகாது. ஆயினும் படுத்திருப்பவர் எதைப் பார்த்துப் படுத்திருக்கிறார் என்று கேட்கக் கற்றுத்தந்தது அது.

நம் வீடுகளில் இக்கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. நகரத்து அடுக்ககங்களில் முதியவரின் கட்டில் எஞ்சிய மூலையில் போடப்படுகிறது. சன்னலை மறைத்து இரும்பு அலமாரி. அதன்மேல் பழைய பெட்டிகள். கால்மாட்டில் மருந்துச் சீட்டுகளும் பிளாஸ்டிக் பைகளும். வரவேற்பறையிலோ விருந்தினருக்காக விலையுயர்ந்த திரைச்சீலை தொங்குகிறது. வருபவர் அதனைக் காண்பது பத்து நிமிடம். முதியவர் அந்த அலமாரியின் முதுகைக் காண்பதோ பகல் முழுதும். அவர் வாய்விட்டுக் கேட்கமாட்டார். ‘எனக்கென்ன, இருந்துவிட்டுப் போகிறேன்’ என்பார். அவரது சோர்வை மூப்பின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

ஆகவே அலங்காரத்தை அவ்வறையிலிருந்து தொடங்குவதே முறை. வாங்குவதற்கு முன் அகற்றுக. ஓராண்டாகத் தொடாத பொருளைப் பயன்படுத்துவோருக்கு அளித்துவிடலாம். சுவரில் கடந்த ஆண்டுகளின் நாட்காட்டிகள் தெய்வப் படம் உள்ளது என்பதற்காகவே தொங்குகின்றன. மறைந்த பெரியோரின் படங்களில் தூசி படிந்த பிளாஸ்டிக் மாலை. இது பக்தியும் அன்று, நன்றியும் அன்று. எடுக்க மனம் வராமை மட்டுமே. விரும்பும் ஒரே படத்தை, படுத்திருப்பவரின் கண் மட்டத்தில் மாட்டுங்கள். சுவருக்கு வெளிர் நிறம் பூசினால் சிறிய சன்னலின் ஒளியும் அறை முழுதும் பரவும். மாலையில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளொளிக்குப் பதில் மஞ்சள் கலந்த மென்மையான விளக்கு போதும். சன்னல் விளிம்பில் ஒரு துளசித் தொட்டி இருக்கட்டும். நீர் ஊற்றும் பொறுப்பை முதியவரிடமே விட்டுவிடுங்கள். அவரைக் கேளாமல் எதையும் மாற்றிவிட வேண்டாம். பழக்கப்பட்ட மரப்பெட்டி ஒன்று நமக்குக் குப்பை. அவருக்கு அது பிறந்த வீடாக இருக்கக்கூடும்.

இடநெருக்கடியால் கட்டிலைத் திருப்ப இயலாத வீடுகளும் உண்டு. அங்கே எதிர்ச் சுவரில் ஒரு கண்ணாடியைச் சற்றுச் சாய்த்து மாட்டினால், தலைமாட்டிலுள்ள சன்னலின் வானமும், கம்பியில் வந்தமரும் காக்கையும் அதில் தெரியும். எந்தக் கோணத்தில் சாய்ப்பது என்பதை அறிய, ஒருவர் அக்கட்டிலில் சிறிது நேரம் படுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.