ஐந்தோடு முடிவதில்லை



"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று வீட்டில் பெரியவங்க சொல்லிக் கேட்டிருப்போம். நல்ல பழமொழிதான். ஆனால் பிள்ளையின் வளர்ச்சி ஐந்தில் தொடங்குவதும் இல்லை, ஐந்தோடு முடிவதும் இல்லை. வீட்டிலும் சமய வகுப்பிலும் சின்னப் பிள்ளைகளுக்கு அண்ணன், அக்காவாக இருக்கும் நாம் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. கருவில்

கரு உருவான முதல் 4 வாரங்களிலேயே மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் அடித்தளம் அமைந்துவிடுகிறது. பல பெண்களுக்கு அப்போது தாங்கள் கர்ப்பமாக இருப்பதே தெரியாது! அதனால்தான் கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள் மருத்துவர்கள். வளைகாப்பு நடக்கும் 7ஆம் மாதத்தில் அம்மாவின் குரல் குழந்தைக்குக் கேட்கும். பிறந்ததும் அந்தக் குரலை அது அடையாளம் கண்டுகொள்ளும்.

2. பிறப்பு முதல் 5 வயது வரை

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும். சோறூட்டுவது அதன் பிறகுதான். ஒரு வயதில் எடை பிறந்தபோது இருந்ததைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்காகும். குழந்தை மழலையில் ஏதாவது சொன்னால் உடனே பதில் பேசுங்கள். அப்படிப் பேசிப் பேசித்தான் மொழி வரும். கைத்தொலைபேசியில் ஓடும் படம் பிள்ளைக்குப் பதில் சொல்லாது.

3. 6 முதல் 10 வயது வரை

6 வயதில் மூளையின் அளவு பெரியவர்களின் மூளையில் சுமார் 90 விழுக்காட்டை எட்டிவிடும். நண்பர்கள், விளையாட்டு விதிகள், நியாயம் எல்லாம் இப்போது முக்கியம். "அவனுக்கு மட்டும் ஏன் ரெண்டு?" என்று கேட்டால் அதட்டாதீர்கள், காரணத்தைச் சொல்லுங்கள்.

4. பதின்ம வயது

பருவமாற்றம் பெண்களுக்குப் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்கும். "படிவம் 1 போனதும் பையன் மாறிட்டான், முகம் கொடுத்தே பேச மாட்டேங்கிறான்" என்று அம்மாக்கள் வருத்தப்படுவார்கள். உணர்ச்சி வேகமெடுக்கும் வயது அது. யோசித்து முடிவெடுக்கும் நெற்றிப் பக்க மூளையோ முழுமையாக முதிர ஏறக்குறைய 25 வயதாகும். தூக்கம் வரும் நேரமும் தள்ளிப்போகும். ஆனால் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. இந்த வயதுப் பிள்ளையை நாலு பேர் முன்னால் திட்டினால் அவமானம்தான் மனத்தில் தங்கும், அறிவுரை தங்காது. தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

இதை வாசிக்கும் நம்மில் பலருக்கும் இன்னும் 25 ஆகவில்லை. நம் மூளையும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. நமக்கு மற்றவர்கள் காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கும் பொறுமையை நம் தம்பி தங்கைகளுக்கும் காட்டுவோமே!

சிந்திக்க: கடைசியாக எந்தப் பிள்ளையிடம் கோபப்பட்டீர்கள்? அந்த வயதில் உங்களால் அதைச் செய்ய முடிந்திருக்குமா?