மலைக்கு இப்புறம் ஒரு தவளை



நம் போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதியில் உள்ளது. ஏலக்காய் விளையும் மலைமேல் ஆனி, ஆடியில் மழை கொட்டும்போது, அடிவாரத்தில் நமக்குக் காற்றே மிகுதி. நமக்கு நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு இங்குள்ள நீர்நில வாழ்வனவற்றையும் ஊர்வனவற்றையும் கணக்கெடுக்க இயலாது.

கோடையில் கொட்டகுடி ஆற்றோரம் தேடினால் ஓணானும் அரணையும் கண்ணில் படும். தவளையும் தேரையும் ஈரம் தேடி மண்ணுக்குள்ளும் கல்லடியிலும் ஒடுங்கிக் கிடக்கும். காணவில்லை என்பதால் இல்லை என்று எழுதிவிடலாமா? கூடாது. ஆகையால் ஆய்வாளர்கள் அடிவாரம், நடுச்சரிவு, உச்சி எனப் பிரித்துக்கொண்டு, ஒவ்வோரிடத்திலும் ஒரே அளவு நேரம், பல பருவங்களில் தேடுகிறார்கள். பகலில் கற்களைப் புரட்டிப் பார்த்து, மறுபடியும் இருந்தபடியே வைக்கிறார்கள். இரவில் டார்ச் விளக்குடன் நீரோடைகளில் நடக்கிறார்கள். 'தவளை தன் வாயால் கெடும்' என்பது பழமொழி. ஆய்வாளருக்கோ அக்குரலே அடையாளம்; ஒவ்வோர் இனத்துக்கும் தனிக்குரல் உண்டு. நாள், நேரம், இடம், உயரம் யாவும் குறிப்பேட்டில் ஏறும்.

இதன் பயனுக்கு ஓர் உதாரணம் கூறுகிறேன். நமக்கு மேற்கே, இடுக்கி மாவட்டத்துக் கட்டப்பனையில் கிடைத்த ஊதாநிறத் தவளையை 2003-ல் விஞ்ஞானிகள் உலகுக்கு அறிவித்தனர். ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் வாழும் அதன் நெருங்கிய உறவுகள் கடல் கடந்த செஷல்ஸ் தீவுகளில் உள்ளன! அது மே முதல் ஆகஸ்டு வரையிலான மழையில் இனம் பெருக்கும். 2017-ல் மலையின் கிழக்குச் சரிவில், திருவில்லிபுத்தூர்ப் பகுதியில், அதன் உடன்பிறப்பு போன்ற மற்றோர் இனம் அறிவிக்கப்பட்டது. அது இனம் பெருக்குவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதாவது நம் மழைக்காலத்தில்! ஆடியில் மட்டும் தேடியவர் 'இங்கு இல்லை' என்றே எழுதியிருக்கக்கூடும்.

அத்தவளைக்கு டாக்டர் சு. பூபதி அவர்களின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. கோவை சாலிம் அலி மையத்தைச் சேர்ந்த அவர், நம் மாவட்டத்து மேகமலையின் ஊர்வனவற்றை ஆராய்ந்தவர். 2014-ல் மலையில் ஆய்வுப் பணியின்போது நேர்ந்த விபத்தால் மறைந்தார். ஓர் இனத்தை ஏட்டில் சேர்க்க ஒருவர் உயிரையே பணயம் வைக்கிறார். நாமோ சாரைப்பாம்பைக் கண்டாலும் கம்பைத் தேடுகிறோம். அது எலிகளைத் தின்று வயலைக் காப்பது. எந்தப் பாம்பென்று அறியாதபோது அருகே போகாமல் விலகி நிற்போம், அடிக்காமலும் இருப்போம்.

ஆதாம் உயிர்களுக்குப் பெயரிட்டதைத் தொடக்கநூலில் படிக்கிறோம். அப்பணி நம் மலைச்சரிவில் இன்னும் முடியவில்லை. பெயர் பெறுமுன்னே எந்த உயிரும் நம் கையால் அழியாதிருக்கட்டும்!