அவமோதரியமும் உடல் எடையும்

தத்துவார்த்த சூத்திரம் கூறும் ஆறு புறத்தவங்களுள் இரண்டாவது அவமோதரியம். வயிறு நிறையுமுன் உணவை நிறுத்துதல். ஆடவர்க்கு 32 கவளமும் மகளிர்க்கு 28 கவளமும் நிறையுணவு. ஒரு கவளம் குறைப்பினும் தவமே என்பது மரபு. இதன் நோக்கம் ஆசையை அடக்குதலே, எடையன்று. ஆயினும் எடை குறைக்க முயல்வோர் இச்சிறு அளவை மனத்திற் கொள்ளலாம். முதல் வாரத்தில் உடல் இழப்பதிற் பெரும்பகுதி நீர்; ஆதலின் எடை விரைந்து இறங்கும். பின்னர்த் தராசு முள் அசையாது நிற்கும். பலர் சோர்ந்து கைவிடுவது அப்பொழுதுதான். அந்நாட்களில் நூல்நாடாவால் இடுப்பை அளந்து பார்க்க வேண்டும். ஆடவர்க்கு 90, மகளிர்க்கு 80 சென்டிமீட்டருக்குள் இருத்தல் நன்று. புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலத்தை மூச்சிரையாது நடந்து கடப்பதும் முன்னேற்றமே. 80 கிலோ எடையுள்ளவர் 4 கிலோ குறைத்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் தணியத் தொடங்கலாம். நீரிழிவு மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்டே உணவைக் குறைத்தல் வேண்டும்.