பழைய தொழுவ மின் இணைப்பைப் பாதுகாப்பாக்குவது எப்படி?

மார்த்தாண்டம் வட்டாரத்தில் வீட்டையொட்டி மாட்டுத் தொழுவம், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடம், மோட்டார் அறை ஆகியவை உள்ள புரையிடங்கள் ஏராளம். இவற்றில் பலவற்றுக்கு, என்றோ வீட்டிலிருந்து இழுத்துத் தென்னையிலும் பலாவிலும் கட்டிய கம்பி வழியாகவே இன்றும் மின்சாரம் செல்கிறது. "இத்தனை ஆண்டு ஒன்றும் ஆகவில்லையே" என்று இருந்துவிடுவது ஆபத்தாகும்.

கம்பி கெடுவது எவ்வாறு?

தொழுவத்தில் மாட்டு மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா செம்பை அரிக்கிறது. புகைக்கூடத்தின் வெப்பம் கம்பியின் உறையை இறுக்கி வெடிக்கச் செய்கிறது. ரப்பர் பாலை உறையச் செய்யும் பார்மிக் அமிலம் இரும்புப் பெட்டிகளை அரிக்கிறது. எலியும் கம்பியைக் கடிக்கிறது. இரு பருவமழையும் பெறும் நம் மாவட்டத்தில், வெடித்த உறைக்குள் ஈரம் எளிதில் புகுந்துவிடும்.

பியூஸ் காப்பாற்றுமா?

பியூஸ் கம்பி சூடாகி எரிவதைத் தடுக்குமே தவிர, ஆளைக் காப்பதற்கன்று. ஒரு கணக்கைப் பார்ப்போம். எர்த்தின் தடை 20 ஓம் என்று கொள்வோம். 230 வோல்ட்டில் மோட்டாரின் உடலில் கசிவு ஏற்பட்டால் பாய்வது 11.5 ஆம்பியர் மட்டுமே. 15 ஆம்பியர் பியூஸ் இதற்கு எரியாது. மோட்டாரின் உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். கோடையில் காய்ந்த செம்பாறை மண்ணில் தடை இன்னும் கூடும்.

ஆர்.சி.சி.பி. என்னும் கசிவு மின் துண்டிப்பான், போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமா என்று பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் அளவு கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். வேளாண் கட்டடங்களின் பிளக் இணைப்புகளுக்கு உலக மின் தரமான ஐ.இ.சி. 60364-இன் 705-ஆம் பகுதி வலியுறுத்துவதும் இந்த அளவையே.

செய்ய வேண்டியவை

1. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யைத் தொழுவத்தில் அன்றி, வீட்டுப் பலகையிலேயே பொருத்துக. அப்போதுதான் இடையிலுள்ள கம்பிக்கும் காப்பு கிடைக்கும். பியூஸ் அல்லது எம்.சி.பி.யும் உடன் இருக்க வேண்டும்.

2. மரத்தில் கட்டிய கம்பியை நீக்கி, எர்த் கம்பியும் சேர்ந்த கவசக் கேபிளை இரண்டரை அடி ஆழத்தில் புதைக்கவும்.

3. எர்த் குழாய் குறைந்தது இரண்டரை மீட்டர் நீளம் இருத்தல் நலம். கோடையில் நீர் ஊற்றி வரவும்.

4. நியூட்ரலுக்குப் பதில் எர்த்தைப் பயன்படுத்தும் பழக்கத்தை அறவே ஒழிக்க வேண்டும். அத்தகைய இணைப்பில் ஆர்.சி.சி.பி. உடனே விழும். பழுது கம்பியில்தான், கருவியைக் கழற்றி எறியாதீர்கள்.

5. சுவிட்சுகளை மாட்டுக்கு எட்டாத உயரத்தில், நீர் புகாத பெட்டியில் வைக்கவும்.

6. ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தவும். விழாவிட்டால் மாற்றிவிடவும்.

மாடு தரும் எச்சரிக்கை

நான்கு கால்களும் ஈரத்தரையில் ஊன்றியிருப்பதால் மாடு சிறு கசிவையும் உணரும். தண்ணீர்த் தொட்டியருகே வந்து பின்வாங்கினால், நோய் என்று மட்டும் எண்ணாமல் மின்கசிவையும் சோதியுங்கள். மாடு விழுந்து கிடந்தால் தொடுமுன் மெயின் சுவிட்சை அணைக்கவும்.

இவ்வேலைகளைத் தகுதிச் சான்று பெற்ற மின்கம்பியாளரைக் கொண்டே செய்ய வேண்டும். செலவு ஒரு கறவை மாட்டின் விலையில் சிறு பகுதியே ஆகும். ஜூன் மழைக்கு முன்பே முடித்துவிடுவது நன்று.