வாழைத் தடலில் கடதாசி

குலை வெட்டிய வாழையை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தம்பலகாமத்திலும் கிண்ணியாவிலும் வேலியோரத்தில் சாய்ந்து அழுகிப்போகிற அந்த மரத்தின் தடலில் அருமையான கடதாசி இருக்கிறது. நார் தேடிக் காட்டுக்குப் போக வேண்டாம். குடாக்கரைக் கண்டல்களைத் தொடவே வேண்டாம். குளங்களில் மண்டிக் கிடக்கும் ஆகாயத்தாமரையையும் சேர்க்கலாம், ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் தாள் முறியும். வைக்கோலும் சேரும். பக்கத்து மாவட்டத்தில், வாழைச்சேனையில், 1950களில் எழுந்த காகித ஆலை வைக்கோலை நம்பி வந்ததுதான்.

தடலை உரித்து, இரண்டு விரல் அகலத் துண்டுகளாக வெட்டி, நன்றாகக் காயவிட்டு நிறுங்கள். அரைக் கிலோவுக்கு 100 கிராம் சலவைச் சோடா, 10 லீற்றர் தண்ணீர். அலுமினியத்தைச் சோடா அரிக்கும். எவர்சில்வர் பாத்திரமே நல்லது. முற்றத்தில் விறகடுப்பு மூட்டி மூன்று மணி நேரம் அவியவிடுங்கள். ஒரு துண்டை எடுத்து இழுத்தால் நார் நாராகப் பிரிய வேண்டும். பிரியாவிட்டால் இன்னும் அவியட்டும். கையுறை அவசியம். அவித்த தண்ணீரைக் கிணற்றடியிலோ குளத்திலோ ஊற்றாதீர்கள்.

பிறகு துணிப்பையில் கட்டி, தண்ணீர் தெளிந்து வரும்வரை அலசுங்கள். கரையோரக் கிணறுகளின் உவர்நீர் இதற்கு ஆகாது. உப்புத் தங்கிய தாள் மாரியில் ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். பிடித்துவைத்த மழைநீர் இருந்தால் அதைவிட நல்லது இல்லை.

இனி இடிப்பு. கடதாசியின் தரம் முழுவதும் இங்கேதான் தீர்மானமாகிறது. மிக்சி நாரை வெட்டும். உலக்கை நாரைப் பிரிக்கும். உரலில் ஒரு பிடி போட்டு, ஈரம் குறையாமல் இடித்தால், நாரின் உடல் முழுக்க மெல்லிய பிசிர்கள் எழும். காயும்போது அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால்தான் பசையே இல்லாமல் தாள் நிற்கிறது. அரை மணி நேரம் கழித்து ஒரு சிட்டிகையைக் கண்ணாடிப் போத்தல் தண்ணீரில் போட்டுக் குலுக்கி, வெளிச்சத்தில் பிடியுங்கள். முடிச்சுகள் மிதந்தால் திரும்ப உரலுக்கு. மேகம்போல் சீராகப் பரவினால் போதும். நான் அவசரப்பட்டு எடுத்த தாள்கள் எல்லாம் மடித்த இடத்திலேயே கிழிந்தன.

ஒரே அளவில் இரண்டு மரச்சட்டங்கள் வேண்டும். ஒன்றில் நைலோன் நுளம்பு வலையை முரசுத் தோல்போல இறுக்கி அடியுங்கள். மற்றது அதன்மேல் வெறுமனே அமரும். அகன்ற தொட்டியில் தண்ணீர் நிரப்பிக் கூழைக் கலக்குங்கள். நாலைந்து வெண்டிக்காயை நறுக்கி ஊறவைத்து வடித்த வழுவழுப்பான நீரையும் ஊற்றுங்கள். நார் அடியில் படியாது. யப்பானியர் வாஷித் தாளுக்கு வெண்டியின் இனச் செடி ஒன்றின் வேரைத்தான் இப்படிப் பயன்படுத்துகிறார்கள். சட்டத்தைச் சரித்து இறக்கி, மட்டமாகத் தூக்கி, முன்னும் பின்னும் ஒருமுறை அசையுங்கள். தண்ணீர் வடிந்ததும் கை அசையக் கூடாது.

மேற்சட்டத்தை எடுத்துவிட்டு, நனைத்த பருத்திச் சீலையில் கவிழ்த்து அழுத்துங்கள். தாளுக்கொரு சீலையாக அடுக்கி, பலகைகளுக்கிடையே வைத்து, மேலே கல் ஏற்றி ஓர் இரவு விடுங்கள். மறுநாள் சீலையோடு நிழலில் காயட்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளியே போட்டால் ஓரங்கள் சுருண்டுவிடும். அறைக்குள் கண்ணாடிப் பலகையில் ஒட்டிக் காயவைத்தால் ஒரு பக்கம் பளபளவென்று வரும்.

எழுதுவதற்கென்றால், வடித்த மெல்லிய அரிசிக் கஞ்சியைத் தூரிகையால் இருபுறமும் பூசி மீண்டும் காயவிடுங்கள். மைப்பேனாவால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். மை ஊறிப் பரவினால் இன்னொரு பூச்சு வேண்டும்.