காணாமல் போன பூனையும் கையடக்க இடங்காட்டியும்

எங்கள் வீடு புக்கிட் பாஞ்சாங்கில், செகார் இலகு ரயில் நிலையத்துக்கு அருகில், ஒன்பதாம் மாடியில் இருக்கிறது. வீவக வீடுகளில் பூனை வளர்ப்பதற்கு நெடுங்காலமாக இருந்துவந்த தடை 2024 செப்டம்பர் 1ஆம் தேதி நீங்கியது. அதன்பின் அம்மா செய்த முதல் வேலை, ஒரு கறுப்புப் பூனையைத் தத்தெடுத்ததுதான். அதற்கு மிளகு என்று பெயர் வைத்தோம். பகுதிநேர வேலையில் கிடைத்த சம்பளத்தில், அதன் கழுத்துப் பட்டைக்கு ஓர் இடங்காட்டி வாங்கிக் கொடுத்தேன். ஐம்பது காசு நாணயத்தைவிடச் சற்றே பெரிய வட்டத் துண்டு அது. அம்மாவின் கைத்தொலைபேசியில் அதைப் பதிவு செய்தோம். “இனிமேல் இது எங்கே போனாலும் கண்டுபிடித்துவிடலாம்” என்று பெருமையாகச் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை மாலை, வெளிக்கதவு திறந்திருந்த சில நிமிடங்களில் மிளகு வெளியேறிவிட்டது. தொலைபேசியைத் திறந்து பார்த்தால், புள்ளி எங்கள் புளோக்கின் மேலேயே நின்றது. நிம்மதியோடு கீழே ஓடினோம். புதர்கள், கால்வாய், கார் நிறுத்துமிடம், விளையாட்டுத் திடல் என்று இரண்டு நாள் தேடினோம். புள்ளி நகரவில்லை, பூனையும் கிடைக்கவில்லை. அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. என் பெருமைப் பேச்சை யாரும் நினைவூட்டவில்லை என்றாலும் எனக்கு அது நினைவிருந்தது.

மூன்றாம் நாள் என் தங்கை கேட்டாள்: “அண்ணா, புள்ளி நம்ம புளோக்குலதான் இருக்கு. ஆனா எந்த மாடின்னு அது சொல்லுதா?”

அன்றிரவு மாடி மாடியாக ஏறினோம். ஒவ்வொரு மாடியிலும் நின்று, இடங்காட்டியை ஒலியெழுப்பச் செய்யும் பொத்தானை அழுத்தினோம். பதினான்காம் மாடிப் படிக்கட்டின் ஓரத்தில், பூந்தொட்டிகளுக்குப் பின்னாலிருந்து மெல்லிய கீச்சொலி வந்தது. அந்த வீட்டு மலாய் மாக்சிக், யாரோ அண்டை வீட்டார் வளர்க்கும் பூனை என்று நினைத்து நெத்திலி கொடுத்து வந்திருக்கிறார். “அவ்வப்போது ஏதோ கீச்சிட்டது, விளையாட்டுச் சாமான் என்று நினைத்தேன்” என்றார்.

கருவி பழுதாகவில்லை. அது சொன்னதை நாங்கள்தான் தவறாகப் புரிந்துகொண்டோம். இந்தக் கருவிகள் உண்மையில் எப்படி இயங்குகின்றன என்று அதன்பிறகு தேடிப் படித்தேன். அதில் தெரிந்துகொண்டவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தெரிந்துகொள்வதும் தெரிவிப்பதும்

இடங்காட்டி என்றவுடன் பலருக்கும் ஜிபிஎஸ்தான் நினைவுக்கு வருகிறது. அமெரிக்கா அமைத்த இந்தத் துணைக்கோளக் கட்டமைப்பு 1995இல் முழு அளவில் செயல்படத் தொடங்கியது. பொதுமக்களுக்கான சமிக்ஞையின் துல்லியத்தை வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்த ஏற்பாடு 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் கைவிடப்பட்டது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோளங்கள், துல்லியமான நேரத்தை இடைவிடாது ஒலிபரப்புகின்றன. நம் கையிலுள்ள கருவி, குறைந்தது நான்கு துணைக்கோளங்களின் சமிக்ஞைகள் வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு தன் இடத்தைக் கணக்கிடுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜிபிஎஸ், வானொலிப் பெட்டியைப் போன்றது. கேட்க மட்டுமே செய்யும். துணைக்கோளத்துக்கு நாம் இருக்கும் இடம் தெரியாது. தொலைபேசிக் கட்டமைப்பே இல்லாத காட்டிலும் நம் இடம் நமக்குத் தெரியும் என்றால் அதற்குக் காரணம் இதுதான். ஆனால் அந்த இடத்தை இன்னொருவருக்குத் தெரிவிக்க வேறொரு வழி வேண்டும். ஆகவே இடங்காட்டிக்கு வேலைகள் இரண்டு: இடத்தைத் தெரிந்துகொள்வது ஒன்று, அதைத் தெரிவிப்பது மற்றொன்று. எந்தக் கருவியை வாங்கினாலும், அது இவ்விரு வேலைகளையும் எப்படிச் செய்கிறது என்று முதலில் கேட்க வேண்டும்.

நால்வகைக் கருவிகள்

முதலாவது, மைக்ரோசிப். உரிமம் பெறும் நாய்க்கும் பூனைக்கும் சிங்கப்பூரில் இது கட்டாயம். அரிசியளவே உள்ள இதைத் தோலுக்கடியில் பொருத்துகிறார்கள். இதில் மின்கலம் இல்லை, ஜிபிஎஸ்ஸும் இல்லை. வருடிக் கருவியை மிக அருகில் கொண்டுசென்றால் ஓர் எண்ணை மட்டும் சொல்லும். கண்டெடுக்கப்பட்ட பிராணி யாருடையது என்பதற்கு இது விடை தரும். எங்கே இருக்கிறது என்பதற்குத் தராது. “சிப் இருக்கிறதே, பிறகு ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை?” என்று எங்களிடமே இருவர் கேட்டனர்.

இரண்டாவது, புளூடூத் வில்லை. விலை குறைந்ததும் பரவலாகப் புழங்குவதும் இதுவே. ஆப்பிள் நிறுவனத்தின் ஏர்டேக் 2021இல் 29 அமெரிக்க வெள்ளி விலையில் வெளிவந்தது. அதன் எடை 11 கிராம். கைக்கடிகாரத்தில் போடுவது போன்ற சிறு மின்கலம் ஏறத்தாழ ஓராண்டு தாங்கும். இவ்வகை வில்லைக்குத் தன் இடம் தெரியாது. அது “நான் இங்கிருக்கிறேன்” என்று சிறு சமிக்ஞையை அனுப்பிக்கொண்டே இருக்கும். அவ்வழியே போகும் யாரோ ஒருவருடைய தொலைபேசி அதைக் கேட்டு, தான் நிற்கும் இடத்தை மறையாக்கம் செய்து இணையம் வழி அனுப்பிவைக்கிறது. அதைத் திறந்து பார்க்க உரிமையாளரால் மட்டுமே முடியும். தெரிந்துகொள்வது, தெரிவிப்பது ஆகிய இரு வேலைகளையும் இங்கே வழிப்போக்கர்தான் செய்கிறார். அதுவும் தமக்கே தெரியாமல்!

மூன்றாவது, சிம் அட்டையுடன் கூடிய ஜிபிஎஸ் கருவி. இது தன் இடத்தைத் தானே கணக்கிட்டு, தொலைபேசிக் கட்டமைப்பு வழியாகத் தானே அனுப்பும். ஓடும் நாயைக் கிட்டத்தட்ட அதே நேரத்தில் பின்தொடரலாம். ஆனால் அடிக்கடி மின்னூட்ட வேண்டும். பெரும்பாலானவற்றுக்குச் சந்தாவும் கட்ட வேண்டும். இணையத்தில் மிக மலிவாகக் கிடைக்கும் சில கருவிகள் 2ஜி கட்டமைப்பை மட்டுமே நம்பியவை. சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. 2024இல் 3ஜியும் நிறுத்தப்பட்டது. எனவே 4ஜி இல்லாத கருவியை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கவேண்டாம்.

நான்காவது, துணைக்கோளம் வழியாகவே அபாயச் செய்தி அனுப்பும் கருவி. கடலிலும் மலையிலும் வழிப்போக்கரும் இல்லை, தொலைபேசிக் கோபுரமும் இல்லை. இந்திய மீனவர்களுக்காக இஸ்ரோ உருவாக்கிய அபாய எச்சரிக்கைக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. 2024இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி, “உங்கள் செய்தி கிடைத்தது” என்ற பதிலையும் படகுக்கே திருப்பி அனுப்புகிறது. நடுக்கடலில் தவிப்பவருக்கு அந்த ஒரு வரிப் பதில் எவ்வளவு தெம்பு தரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

செஸ்நட் காட்டில் கற்ற பாடம்

மிளகு திரும்பிய சில வாரங்களில், அதே வில்லையை என் பையில் போட்டுக்கொண்டு காலை நடைக்குக் கிளம்பினேன். எங்கள் வட்டாரத்தின் பெரிய பேறு, வீட்டுக்கு அருகிலேயே காடு இருப்பது. புக்கிட் தீமா விரைவுச்சாலையை ஒட்டிச் செங்ஹுவா இயற்கைப் பூங்கா நீண்டு கிடக்கிறது; விரைவுச்சாலைக்கு அப்பால் செஸ்நட் இயற்கைப் பூங்கா. நான் போனது வார நாள். காட்டுப் பாதையில் ஆள் நடமாட்டமே இல்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் தொலைபேசியை எடுத்துப் பார்த்தால், அம்மாவிடமிருந்து ஏழு அழைப்புகள். சத்தத்தை அணைத்து வைத்திருந்ததால் எனக்குத் தெரியவில்லை. “என்னடா, ஒரே இடத்துல நிக்கிற! எங்கயாவது விழுந்துட்டியோன்னு பயந்துட்டேன்” என்று அம்மா தழுதழுத்தார். வீடுகள் முடிந்து மரங்கள் தொடங்கும் இடத்தில் புள்ளி நின்றுவிட்டிருந்தது. என் தொலைபேசி வேறொரு நிறுவனத்தின் தயாரிப்பு என்பதால், அது அந்த வில்லைக்காகச் செய்தி அனுப்பவில்லை. வில்லை என்னோடு நடந்துகொண்டுதான் இருந்தது. அதன் குரலைக் கேட்டுச் சொல்ல அங்கே ஆள்தான் இல்லை.

அப்போதுதான் இரண்டு நிகழ்ச்சிகளும் எனக்கு ஒன்றாகத் தெரிந்தன. திரையில் உள்ள புள்ளி “இங்கே இருக்கிறது” என்று சொல்வதில்லை. “கடைசியாக இந்தப் பக்கத்தில் கேட்டது” என்று மட்டுமே சொல்கிறது. அதன் அருகே சிறிய எழுத்தில் உள்ள நேரத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். அடுக்குமாடி வட்டாரத்தில் ஆயிரக்கணக்கான தொலைபேசிகள் இருப்பதால் அந்த நேரம் புதிதாக இருக்கும். ஆனால் வரைபடம் தட்டையானது, மாடியைச் சொல்லாது. காட்டில் மாடிச் சிக்கல் இல்லை. ஆனால் நேரம் பழையதாகிவிடும்.

புள்ளி கொண்டுவந்து விட்ட இடத்திலிருந்து நாம்தான் தேட வேண்டும். ஆய்வாளர்களும் இப்படித்தான் செய்கிறார்கள். புலாவ் தெக்கோங்கில் ஒரு பெண் எறும்புண்ணியின் உடலில் வானொலிக் கருவியைப் பொருத்தி, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் நடமாட்டத்தைப் பதிவுசெய்தனர். அந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. இம்முறையில் அலைவாங்கியைக் கையில் பிடித்து, சமிக்ஞை வலுக்கும் திசை நோக்கி நடக்க வேண்டும். நாங்கள் மாடி மாடியாக ஏறியதும் ஏறக்குறைய அதே முறைதான்.

வாங்குமுன்னும் புறப்படுமுன்னும்

வீட்டைவிட்டு அதிகம் வெளியேறாத பூனைக்கு, வீடுகள் நெருங்கிய வட்டாரத்தில் புளூடூத் வில்லை போதும். பூனையின் பட்டை, எதிலாவது சிக்கினால் தானே கழன்றுகொள்ளும் வகையாக இருக்கட்டும். இல்லாவிட்டால் கழுத்து இறுகிவிடும். வில்லையை நாய் கடித்து விழுங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளேயுள்ள மின்கலம் வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஏர்டேக் பொருள்களுக்காகவே உருவாக்கப்பட்டது, மனிதர்களுக்கோ பிராணிகளுக்கோ அன்று என்று ஆப்பிள் நிறுவனமே கூறியுள்ளது. காட்டுப் பக்கம் ஓடும் பழக்கமுள்ள நாய்க்குச் சிம் அட்டைக் கருவியே ஏற்றது.

நடைப்பயணம் போகிறவர்கள், வரைபடத்தை வீட்டிலேயே தொலைபேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இணையம் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் நம் இடத்தை அதில் காட்டும். அடர்ந்த மரங்களுக்கடியில் துல்லியம் குறையலாம். எந்தப் பாதையில் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். ஜொகூரின் குனோங் லேடாங் போன்ற மலைக்குப் போகும்போது வில்லையை நம்பிப் போகாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை

அன்று செஸ்நட்டில், என் தொலைபேசித் திரையில் ஓர் அறிவிப்பும் வந்திருந்தது: எனக்குச் சொந்தமில்லாத இடங்காட்டி ஒன்று என்னோடு நகர்ந்து வருகிறதாம்! பிறருக்குத் தெரியாமல் அவர்கள் பையில் வில்லையைப் போட்டுப் பின்தொடரும் கொடுமை பல நாடுகளில் நடந்ததால், ஆப்பிளும் கூகலும் சேர்ந்து 2024இல் இத்தகைய எச்சரிக்கையை இருவகைத் தொலைபேசிகளிலும் கொண்டுவந்தன. உரிமையாளரைப் பிரிந்து நெடுநேரமான வில்லை தானாகக் கீச்சிடுவதும் இதற்காகவே. சிங்கப்பூரில் ஒருவரை வேவுபார்த்துப் பின்தொடர்வது 2014ஆம் ஆண்டின் துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டப்படி குற்றமாகலாம். அக்கறையினால்தான் செய்தேன் என்று அண்ணனோ காதலனோ சொல்வது காரணமாகாது. என் பையில் வில்லை இருந்தது எனக்குத் தெரியும். அம்மாவுக்காக நானே போட்டுக்கொண்டேன். அந்தச் சம்மதம் இல்லாவிட்டால் அது வேவு பார்ப்பதுதான்.

மிளகின் பட்டையில் இப்போதும் அதே வில்லை இருக்கிறது. கூடவே அம்மாவின் தொலைபேசி எண்ணைப் பொறித்த சிறு தகடும் தொங்குகிறது. அந்தத் தகடு முதலிலேயே இருந்திருந்தால், பதினான்காம் மாடி மாக்சிக் அன்று மாலையே எங்களை அழைத்திருப்பார். அவரிடமே இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, மிளகுக்கு இன்னும் இரண்டு நெத்திலி போட்டார்.